நான்கு சென்டிமீட்டர்

இதில் யாரும் தண்ணீர் இறைத்துக் குடிக்கப் போவதில்லை.
உள்ளங்கை அகலக் குழாய், அவ்வளவுதான்.
வாளி விழாது, கயிறு தேயாது,
எட்டிப் பார்த்தால் முகமும் தெரியாது.
ஆனாலும் படிவத்தில் இதற்குப் பெயர் கிணறு.

எஸ்தோனியா, நவம்பர், பழைய விமானதளம்.
ஓடுபாதையின் வெடிப்புகளில் பிர்ச் கன்றுகள்.
சோவியத் காலத்தில் இங்கே
பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிவிட்டு
மிஞ்சிய எரிபொருளைக் குழியில் கவிழ்த்தார்கள் என்பது
ஊர்ப்பேச்சு.
அந்த மணிகள்
இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கின்றன.

கவுப்போ துளைக்கருவியை இயக்கினான்.
முதலில் கருமண், பிறகு கூழாங்கல் கலந்த களி,
மூன்றரை மீட்டரில் சுண்ணாம்புப் பாறை.
இரும்பின் குரல் மாறியது.
"கதவு தட்டியாச்சு" என்றான்.
ஏழு துளைக்கும் இதே வேடிக்கை.
ஏழாவதில் மட்டும் சொல்லவில்லை.

வெளிவந்த மண்ணை மோந்து பார்க்கக் கூடாது என்பது விதி.
மோக்காமலே தெரிந்தது.

கீற்று வெட்டிய குழாயை இறக்கினோம்,
சுற்றிலும் கழுவிய மணல்,
மணலுக்கு மேல் பெண்டோனைட் களி உருண்டைகள்.
தண்ணீர் பட்டதும் ஊதி ஒன்றோடொன்று ஒட்டி
மேலே பெய்வது கீழே இறங்காமல் வாயடைத்துவிடும்.
கடைசியில் இரும்பு மூடி, பூட்டு.
சாவி ஒன்று என்னிடம், ஒன்று அமைச்சகத்தில்.

பத்து நாள் கழித்து மாதிரி எடுக்கத் தனியாக வந்தேன்.
அளவுநாடா
தண்ணீரைத் தொட்ட நொடியில் கூவும்.
ஒன்று. மூன்று. ஏழு.
மூடியின் உயரத்திலிருந்து கழித்துப் பார்த்தேன்.
மறுபடி இறக்கினேன், மறுபடி கழித்தேன்.
ஓட்டம் ஆற்றுப் பக்கம்தான் என்று
முப்பது வருட அறிக்கைகளில் அம்புக்குறி போட்டிருக்கிறது.
ஏழாம் கிணற்றில் நீர்மட்டம்
நான்கு சென்டிமீட்டர் தாழ்வு.

ஏழுக்கு அப்பால் ஆறு இல்லை.
நீலக் கொட்டகை, இரண்டு ஆப்பிள் மரம், உர்வே மெத்சாலுவின் வீடு.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்,
முட்டைக்கோஸ் அறுத்த கத்தியோடு.
"எங்க கிணத்துல ஒண்ணும் இல்லையே?"
"ஆய்வகம் சொல்லணும். பதினாலு நாள்."
"நீங்க என்ன நினைக்கிறீங்க?"
நினைப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பம்பை மெல்ல ஓட விட்டேன்,
நிமிடத்துக்கு ஒரு தம்ளர்.
அவசரப்படுத்தினால் சேறு கலங்கி வந்து பேசும், தண்ணீர் பேசாது.
அமிலத்தன்மை, மின்கடத்தல், ஆக்சிஜன், வெப்பம்:
எண்கள் தள்ளாடித் தள்ளாடி
ஓரிடத்தில் உட்காரும் வரை காத்திருந்தேன்.
ஆறரை டிகிரி. என் விரல்களைவிடச் சூடு.

குப்பியின் விளிம்புக்கு மேலே நீர் புடைத்து நிற்க வேண்டும்.
மூடி, கவிழ்த்து, தட்டி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.
கடுகளவு குமிழி போதும்,
தேடி வந்தது அதற்குள் ஏறிக்கொள்ளும்.
மூன்றாவது குப்பியில் குமிழி.
கொட்டினேன். கையுறை மாற்றினேன். புதுக் குப்பி.

பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே
ஆய்வகமே நிரப்பி அனுப்பிய சுத்த நீர்க் குப்பி ஒன்று.
திறக்காமலே வந்து திறக்காமலே திரும்பும்,
வழியில் எதுவும் ஒட்டவில்லை என்பதற்குச் சாட்சியாக.
ஊர் ஊராக என்னோடு அலைந்தும்
எந்த ஊர்த் தண்ணீரையும் அது கண்டதில்லை.

கையொப்பம், தேதி, நேரம் எழுதிக்கொண்டிருந்தபோது
உர்வே வேலியைத் தாண்டி வந்தார்,
இரண்டு கோப்பைக் காபியோடு.
ஆவி பறந்தது. அவர் கிணற்று நீர்.

களத்தில் எதுவும் குடிக்கக் கூடாது என்பதும் விதிதான்.
அதைச் சொல்ல வாய் திறந்தேன், சொல்லவில்லை.
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்
ஆவி நிற்கும் வரை.

அவர் என் கையைப் பார்த்தார்.
தன் கோப்பையைப் பார்த்தார்.
"பதினாலு நாளா?" என்றார்.